இடது முன்பக்கம் ஒரு சத்தம்

கீழ்க்கட்டளை சிக்னல் தாண்டியதும்
கடக் என்றது.
திங்கட்கிழமை ஒரே ஒருமுறை.
வியாழனுக்குள்
ரேடியோவை அணைத்துவிட்டு
அதை மட்டும் கேட்டு ஓட்டப் பழகியிருந்தேன்.

பல்லிக்கரணை கமாலுதீன்
பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து
"ஓட்டுங்கக்கா" என்றார்.
கச்சேரிக்கு வந்தவர்போலக் கண்ணை மூடிக்கொண்டார்.
அரை கிலோமீட்டர், நான்கு பள்ளம், ஒரு வேகத்தடை.
மூச்சு விடவில்லை வண்டி.
டாக்டர் அறை வாசலில்
காய்ச்சல் இறங்கிவிடும் பிள்ளை மாதிரி
சமர்த்தாக வந்தது.
அவரை இறக்கிவிட்டுத் திரும்பிய முதல் முனையில்
கடக்.

லிங்க் ராடு என்றார். மாற்றினோம்.
லோயர் ஆர்ம் புஷ் என்றார். அதுவும்.
ஷாக் அப்சார்பர் அழுதிருக்கு என்றார்,
ஆயில் கசிவதை அப்படித்தான் சொல்கிறார்கள்.
ஒன்றை மட்டும் மாற்றினால்
மற்றது கோபித்துக்கொள்ளுமாம்,
ஜோடியாகத்தான் போட வேண்டுமாம்.
கழற்றியதையெல்லாம் தினத்தாளில் பரப்பிக் காட்டினார்.
ரப்பர் வெடித்திருந்தது
மார்கழிக் குதிகால்போல.
ஏழாயிரத்து எண்ணூறு.
லேபர் தனி.

அந்த மாதம்
பையனின் கராத்தே வகுப்பு நின்றது.
அவனுக்கு அதில் வருத்தமில்லை,
எனக்குத்தான்.

குரோம்பேட்டை கண் டாக்டர் ஒருவர் ஓட்டி விற்ற வண்டி.
பதினோரு வருஷம், இரண்டாவது ஓனர் நான்.
ஆயுளுக்கும் சாலைவரி கட்டியாயிற்று
என்று ஆர்.சி. புத்தகத்தைக் காட்டித்தான் விலை பேசினார்.
யாருடைய ஆயுளுக்கு என்று
அன்றைக்கு எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

சாலையை மெட்ரோவுக்காகத் தோண்டினார்கள்.
குடிநீருக்காக.
அப்புறம், எதற்கென்று தெரியாமல், ஒரு ஞாயிறு முழுக்க.
தோண்டியவர்களுக்குப் பலகை இருந்தது, பெயர் இருந்தது.
மூடியவர்களை யாரும் பார்த்ததில்லை.

பரோட்டா கடை முன்னால் இருந்ததுதான் பெரிசு.
அதற்கு வலது பக்கம் ஒதுங்கினால்
ஒரு சக்கரம் தப்பும்.
இடது பக்கம் ஒதுங்கினால் தப்பிக்கிற மாதிரி இருக்கும்,
அவ்வளவுதான்.
மழை பெய்துவிட்டால்
எல்லாம் ஒரே பழுப்புத் தண்ணீர்,
அதில் ஆடும் தெருவிளக்கு.

யாரோ அதில் ஒரு நாற்காலியை நட்டுவைத்தார்கள்.
சிவப்பு பிளாஸ்டிக், மூன்று கால்.
ஆயுத பூஜைக்கு யாரோ அதற்கும் பொட்டு வைத்திருந்தார்கள்.
நான் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சை வைத்து ஏற்றினேன்,
இடது முன்சக்கரத்துக்கு மட்டும் இரண்டு.
ஐப்பசி முழுக்க
அந்த நாற்காலியைப் பார்த்துத்தான்
எங்கள் பேட்டையே வண்டி ஓட்டியது.

ஒருநாள் ராத்திரி தார் போட்டுவிட்டார்கள்.
யாரோ வருகிறார்களாம்.
காலையில் சாலை
தேங்காயெண்ணெய் தடவிய தலையாக மின்னியது.
பரோட்டா கடை நெருங்கியதும்
என் கை தானாக வலப்பக்கம் வெட்டியது.
பின்னால் வந்த பைக் கிறீச்சிட்டு நின்று
"வூட்ல சொல்லிட்டு வந்தியா?" என்றது.
பள்ளமே இல்லாத இடத்தில்
எதற்கு ஒதுங்கினேன் என்று
அவனுக்கு எப்படிப் புரியவைப்பது?

அன்று கடக் இல்லை.
ஆனால் பின்பக்கத்திலிருந்து
ஈ முனகுவதுபோல ஒன்று.
போன் பண்ணினேன்.
"ரோடு நல்லா இருந்தாத்தான்க்கா
மத்த சத்தமெல்லாம் காதுல விழும்.
வீல் பேரிங்கா இருக்கும், கொண்டாங்க" என்றார் கமாலுதீன்.
குரலில் மகிழ்ச்சி இருந்ததா
என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது.

நாற்காலி இப்போது கடை வாசலில்.
நாலாவது காலுக்கு ஒரு செங்கல் முட்டுக்கொடுத்து
பரோட்டா மாஸ்டர் உட்கார்ந்து பீடி பிடிக்கிறார்.

ஐந்தாம் நாள்
புதுத் தாரின் மேல்
சுண்ணாம்பில் ஒரு நீள்சதுரம் வரைந்திருந்தது.
ஓரத்தில் ஏதோ ஒரு எண், ஒரு அம்புக்குறி.
வண்டியை மெதுவாக்கினேன்.
மாஸ்டர் அதைப் பார்த்தார்.
என்னைப் பார்த்தார்.
பீடியைக் கடைசியாக ஒரு இழுப்பு இழுத்துவிட்டு
செங்கல்லை உருவிக்கொண்டு
எழுந்தார்.