நூற்றுப் பன்னிரண்டாம் படி

வால்பரைசோவின் குன்றுகளில்
பதினாறு வருடமாய் கேஸ் சிலிண்டர் சுமக்கிறேன்.
இரும்புக் கம்பியால் அதன் வயிற்றில் தட்டினால்
மூன்று தெருவுக்குக் கேட்கும்:
நொல்பெர்த்தோ வந்துவிட்டான்,
காலியை வெளியே வையுங்கள்.

இந்தக் குளிரில்தான் தொடங்கியது.
நூற்றுப் பன்னிரண்டாம் படி வந்ததும்
வலது அடிவயிற்றில் யாரோ ஏறி உட்கார்ந்துகொள்கிறான்.
நின்றால் அவனும் மூச்சு வாங்குகிறான்.
நடந்தால் சுரீர்.
படுத்தால் ஆளையே காணோம்,
வாடகை பாக்கிக்காரன் மாதிரி.

வாயு என்றாள் ரொட்டிக்கடை இஸ்மேனியா.
மச்சான் எலெயுத்தேரியோவுக்குக்
கல் ஒன்று வந்து போனதிலிருந்து
உலகத்தில் வேறு நோயே கிடையாது.
மருந்துக்கடைப் பெண் குடல்வால் என்றாள்,
காய்ச்சல் உண்டா, வாந்தி உண்டா என்று கேட்டு
இல்லை என்றதும்
கொஞ்சம் ஏமாந்துபோனாள்.
மனைவி எதுவும் சொல்லவில்லை.
விளக்கணைத்து வெகுநேரம் கழித்து
"உன் அப்பாவுக்கு எந்தப் பக்கம் வலித்தது?"
என்று மட்டும் கேட்டாள்.
நான் தூங்கிவிட்டவனாய்க் கிடந்தேன்.

டாக்டருக்குச் சின்ன வயது, ஐஸ் விரல்கள்.
படுக்கவைத்து வயிற்றைத் தட்டினாள்,
டொக், டொக்,
காது சாய்த்துக் கேட்டாள்.
நிறைந்ததா காலியா என்று
நானும் இப்படித்தான் பார்ப்பேன்.
"எத்தனையாவது படியில்?
சிலிண்டரோடா, வெறுங்கையோடா?"
இத்தனை பேரில் ஒருவரும் இதைக் கேட்கவில்லை.
எழுந்து நின்று இருமச் சொன்னாள்.
இருமினேன்.
தொடை வந்து சேரும் இடத்தில்
ஒரு எலுமிச்சம்பழம்
எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது.

குடலிறக்கம்.
சுவர் நைந்திருக்கிறதாம்,
குடல் சந்து கண்டுபிடித்துவிட்டதாம்.
ஆபரேஷனுக்கு வரிசை நீளம், அதுவரை சுமக்கக் கூடாது.
"புடைப்பு கல்லாகி, உள்ளே போக மறுத்து,
வாந்தியும் வந்தால்
அந்த நிமிடமே ஓடி வா."
"ஓடியா?" என்றேன்.
அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

வீட்டுக்கு ஏறுகிறேன், தோளில் ஒன்றுமில்லை.
அப்பாவுக்கு இடது பக்கம்.
இதை முதலில் அவளிடம் சொல்ல வேண்டும்.
நூற்றுப் பன்னிரண்டில் அவன் வந்து உட்கார்ந்தான்,
இன்று கொஞ்சம் லேசாக,
பெயர் தெரிந்துவிட்ட கூச்சத்தோடு.
மூச்சு வாங்க நின்றபோது
சட்டைப்பையில் கிடந்த கம்பியைக்
கை தானாக எடுத்துப்
படிக்கட்டின் கைப்பிடியில் தட்டிவிட்டது.

ஒவ்வொன்றாக ஜன்னல்கள் திறந்தன.
யாரோ ஒருத்தி
காலி சிலிண்டரை உருட்டிக்கொண்டு வரும் சத்தம்.