எச்சில்

புந்தா அரேனாஸில் காற்று முற்றும் நாட்களில்
தெருமுனைகளில் கயிறு கட்டுவார்கள்,
பிடித்துக்கொண்டு நடக்க.
அப்படியொரு நாளில்தான்
செவிச் சோதனைக்காரி
மூன்றாம் முறையாகப் பொத்தானை அழுத்தினாள்.
திரையில் கோடு
படுத்தது படுத்தபடியே கிடந்தது.
கருவி பழசு, என்றாள் முதலில்.

பதினோராம் நாள்
பஞ்சுக்குச்சியால் மைலெனின் கன்னத்துக்குள் துழாவி
எச்சில் எடுத்தார்கள்.
டாக்டர் மிமிட்சா மூன்றெழுத்துச் சொன்னார்.
சின்னப் பிள்ளைகளின் எச்சிலில் இருக்குமாம்.
பெரியவர்களை ஒன்றும் செய்யாதாம்.
வந்து போனதே தெரியாதாம்.

தெரியவில்லைதான்.
ஏப்ரலில் இரண்டு நாள் உடம்பு வலித்தது.
மீன் ஆலையின் குளிரறையில் நின்றதால் என்று
சுடுநீரில் எலுமிச்சை பிழிந்து குடித்தேன்.
அவள் அப்போது
ஒரு கலஃபாத்தே பழம் அளவு.
காது மடியத் தொடங்கியிருக்கும்.

எந்த நாள், என்றேன்.
சொல்ல முடியாது, என்றார்.
எந்தக் கரண்டி?
அவர் பேனாவை மூடினார்.

"கிரகணத்தன்று சிவப்புத் துணியில்
ஊக்கு குத்திக்கொண்டாயா, யஸ்னா?"
மாமியார் போனில் கேட்டாள்.
குத்திக்கொண்டேன்.
இரண்டு.

இரவில் கணக்கெடுக்கிறேன்.
லௌதாரோ மிச்சம் வைத்த கஞ்சி.
பேருந்தில் விழுந்த சூப்பானை
என் வாயில் போட்டுத் துடைத்து
அவனுக்கே கொடுத்தது.
காய்ச்சலில் அவன் அழுதபோது
உதட்டால் ஒற்றியெடுத்த உப்பு.
நெற்றி, மூக்கு, வாய், மறுபடி வாய்.
எதை அடித்துவிடுவது இதில்?

மருந்து காலையும் இரவும், ஆறு மாதம்.
நான் கையுறை போட்டுத்தான் தொட வேண்டும்.
அவள் சப்புக்கொட்டிக் குடிக்கிறாள்.

நேற்று ஜன்னல் சட்டம்
பிய்ந்துவிடுவதுபோல் அடித்தது.
லௌதாரோ காதைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தான்.
தொட்டிலை எட்டிப் பார்த்தான்.
மெல்லக் கைகளை இறக்கினான்.
"பாப்பாவுக்குப் பயமே இல்லம்மா."
அவனுக்கு இன்னும் நாலு வயது முடியவில்லை.
எந்த வயதில் சொல்வது,
சொல்லத்தான் வேண்டுமா.

கடித்துக் கடித்து
ஓரம் ஊறிப்போன ரொட்டியை
என் உதட்டருகே நீட்டினான்.
"இது உனக்கு."
பல் இறுகிக்கொண்டது.
அவன் கை வலித்திருக்க வேண்டும்,
மற்றக் கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டு
நீட்டியபடியே நின்றான்.

தின்றேன்.
ஜாம் இருந்தது அதில்,
கொஞ்சம்.