பதினேழாம் நாள்

மின்விசிறியை நிறுத்தினால் வேர்க்கிறது,
போட்டால் இலங்கை பறக்கிறது.
கண்டியின் மேல் சாவிக்கொத்தை வைத்தாள் பிரிசில்லா.

இருபத்து மூன்று நாள்.
மேற்கில் மழையென்றால் கிழக்குக்கு ஓடு,
அங்கும் பெய்தால் மலைரயில்.
கொழும்பில் தொடங்கிக் கொழும்பில் முடியும் வட்டத்தைத்
தோசைத்தட்டைக் கவிழ்த்து வரைந்தோம்;
பாதி கடலில் விழுந்தது.

திருகோணமலையில் இரண்டு இரவா, மூன்றா?
அரைமணி நேரம் பேச்சில்லை.
பதினேழாம் நாளை இருவருமே கேட்டதால்
யாருக்கும் தராமல் வெள்ளையாக விட்டோம்.
விடுதி, பேருந்து என்று கணக்கெழுதி
இளநீருக்கு மட்டும் ஆயிரம் கூட்டினேன்.

எல்லாம் சரி.
செவ்வாயும் வெள்ளியும்
வியாசர்பாடிக்குத் தண்ணீர் லாரி வரும்போது
நம் குடங்களை யார் நகர்த்துவார்கள்?

மாடிவீட்டு ஷம்ஷாத்தைக் கேள் என்கிறாள்.
அதே வரிசையில்தான்
போன வாரம் அவளோடு
குடுமிப்பிடிச் சண்டை எனக்கு.