ஆற்றில் போட்டாலும்

பீப்பாயின் பாதியைக் கவிழ்த்து
காலாங் ஆற்று மணலில் அழுத்துகிறோம்,
பீஷான் பூங்காவில், முழங்கால் நீரில்.
துளையில் ஒரு குழாய். குழாய்முனையில் ஒரு பை.
பைக்குள் ஆயிரம் கிராம் தண்ணீர்.
இப்படி நான்கு.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
ஆறு எங்கே போட்டது என்று
அளக்கச் சம்பளம் வாங்குகிறவள் நான்.

ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும்.
ஹஸ்லின்டா கரிபாப் தின்கிறாள்.
மேலே சிமெண்டுக் கால்வாயில் எங்களுக்கு வேலையில்லை;
அங்கே மழை
தரையைத் தொட்டும் தொடாமல்
நீர்த்தேக்கம் வரை போய்விடும்.

முதல் பை: தொள்ளாயிரத்து அறுபத்திரண்டு.
முப்பத்தெட்டு கிராம் கீழே இறங்கியிருக்கிறது,
எங்கள் காலடியிலேயே,
எங்களுக்குத் தெரியாமல்.
இரண்டாவது: தொள்ளாயிரத்து எழுபது.
மூன்றாவது, வளைவில், நாணல் வேரருகே:
ஆயிரத்துப் பதினொன்று.

பையைத் துடைத்து மறுபடி நிறுத்தோம்.
ஆயிரத்துப் பதினொன்றுதான்.
கொடுத்ததற்கு மேல் பதினொரு கிராம்
மண் போட்டுக் கொடுத்திருக்கிறது,
மீன்கடைக்காரர் கொசுறு போல.
எந்த மாதத்து மழையோ!
ஹஸ்லின்டா பையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.
"குளிருது," என்றாள், தனக்குத் தெரிந்த தமிழில்.

அப்போது அபாயச் சங்கு.
சிவப்பு விளக்கு சுழல்கிறது.
இங்கே வெயில்; மேலே எங்கோ கொட்டுகிறது.
தராசைத் தூக்கிக்கொண்டு கரையேறினோம்.
பத்தே நிமிடம்,
படிக்கற்களும் பீப்பாய்களும் பழுப்பு நீருக்கடியில்.

பூட்ஸைக் கவிழ்க்கிறேன்.
ஒரு குவளை காலாங்
புல்லுக்குள் போகிறது.

நான்காவது பைக்கு எதிரே
'ஆறு எடுத்துக்கொண்டது' என்று எழுதி,
அடித்துவிட்டு,
'தரவு இல்லை' என்கிறேன்.