ஐம்பத்துமூன்று

முகத்தில் ஒன்றும் இருக்கக் கூடாது.
பூச்சு, மூக்குக்கண்ணாடி, தோடு,
நெற்றியில் புரளும் முடி,
கடைசியாக, சொல்லக் கூச்சமான ஒன்று,
சிரிப்பு.

தேஜோன் நகரில், மூன்றாம் மாடியில்,
சாம்பல் திரைக்கு முன்னால் ஒரு நாற்காலி.
"நாடியைக் கொஞ்சம் காட்டுங்கள்" என்றேன்.
மணிக்கட்டை நீட்டினாள் பியோ மல்சுன்.
வயது அறுபத்தொன்று. சந்தையில் நெத்திலிக் கருவாட்டுக் கடை.
வைத்தியம் என்றால் கையை நீட்டித்தான் பழக்கம்.
"அந்த நாடி இல்லை, இது" என்று
என் மோவாயைத் தொட்டுக் காட்டினேன்.

காலிப்பர் நுனி குளிரும்.
உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கிக்கொள்வேன்.
ஒரு கண்ணின் உள்ளோரத்திலிருந்து மறுகண்ணின் உள்ளோரம்:
முப்பத்துநான்கு புள்ளி ஆறு மில்லிமீட்டர்.
மூக்கின் அகலம். தாடையின் மூலை. காதுமடல் தொடங்கும் இடம்.
புருவத்துக்கு மேலே எலும்பு கொஞ்சம் முன்வந்து
சின்னதாய்க் கூரை போட்டிருக்கிறது, அதற்கு எண் உண்டு.
இடது கன்னத்துத் தழும்புக்கு எண் இல்லை.
கேட்கவும் கூடாது.

மனிதர்கள் நான்கே வகை என்கிறது இந்த மருத்துவம்:
பெருவெயில், சிறுவெயில்,
பெருநிழல், சிறுநிழல்.
உள்ளே எந்த உறுப்பு ஓங்கும், எது ஒடுங்கும்,
எந்த மூலிகை சேரும், எது சேராது,
எல்லாம் பிறக்கும்போதே.
நல்ல வைத்தியர், ஆள் வாசலில் நுழையும்போதே சொல்லிவிடுவார்.
இன்னொரு நல்ல வைத்தியர் வேறு சொல்வார்.
அதனால்தான் நான், என் காலிப்பர், மாதச் சம்பளம்.

"நான் சிறுநிழல்" என்றாள், கேட்காமலே.
மூத்தவன் பிறந்த வருஷம், கும்சானில் ஒருவர்
தீக்குச்சி எரிந்து அணையும் நேரம்
அவள் முகத்தைப் பார்த்தாராம்.
வயிறு குளிர்ந்த உடம்பு, குளிர்ச்சி ஆகாது.
அன்று தொடங்கி முப்பத்தாறு கோடை,
ஜின்செங் கஷாயம், இஞ்சி, கோழிக் கஞ்சி.
பனிக்கட்டி மிதக்கும் நெங்மியோன் நூடுல்ஸைப்
புருஷன் உறிஞ்சும்போது
எதிரே உட்கார்ந்து வெந்நீர்.
புருஷன் போய் ஆறு வருஷம்.
"அந்த உறிஞ்சுகிற சத்தம் மட்டும்
காதைவிட்டுப் போகவில்லை, சனியன்."

படம் எடுத்தேன். கணினி யோசித்தது.
சிறுவெயில்.

"என்னது?"

சிறுவெயில். உள்ளே எப்போதும் அடுப்பெரியும் உடம்பு.
குளிர்ச்சி சேரும்.
ஜின்செங்தான் ஆகாது என்பார்கள்.

கோபத்தில் ஒரு முகத்தில் எத்தனை புள்ளி இடம்மாறும்
என்று அப்போது பார்த்தேன்.
புருவம் இறங்கியது, மூக்குத்துளை அகன்றது,
ஒட்டியிருந்த பச்சைப் புள்ளி ஒன்று
கழன்று மடியில் விழுந்தது.
பிறகு சிரித்தாள்,
எந்தக் காலிப்பருக்கும் அடங்காமல்.

உள்ளதைச் சொல்லிவிட வேண்டும் என்று
திரையை அவள் பக்கம் திருப்பினேன்.
சிறுவெயில், நூற்றுக்கு ஐம்பத்துமூன்று.
சிறுநிழல், முப்பத்தெட்டு. மற்றதெல்லாம் சில்லறை.
இது ஆராய்ச்சி, சிகிச்சை இல்லை.
இதை வைத்து எதையும் மாற்றிக்கொள்ள வேண்டாம்.
ஐந்தாம் பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்.

தராசு முள்ளைப் பார்த்துப் பழகிய கண்ணால்
அந்த எண்ணைப் பார்த்தாள்.
"ஐம்பத்துமூன்று" என்றாள்.
"ஒரு கிண்ணத்துக்குப் போதாதா?"

படிவத்தில் அந்தக் கேள்விக்குக் கட்டம் இல்லை.

ஒரு மணிக்கு நான் சாப்பிடப் போன கடையில்
ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.
நெற்றியில் எங்கள் ஆய்வுக்கூடத்து
வெள்ளை முடிப்பட்டை, கழற்ற மறந்தபடி.
கிண்ணத்தில் பனிக்கட்டி இடித்துக்கொண்டது.
கடை முழுக்கக் கேட்கும்படி உறிஞ்சினாள்.
இடது கை மட்டும்,
ஆவி பறக்கும் எலும்புச்சாற்றுக் குவளையை
விடாமல் பிடித்திருந்தது,
மிச்ச நாற்பத்தேழுக்காக.