எல்லாருக்கும் வாறது

நோவு முதலில் தோளில்தான் வந்தது.
முதுகுக்குப் பின்னால் கை போகாமல்
முன்னால் கொழுவுகிற சட்டைக்கு மாறினேன்.
இரவு இரண்டு மணிக்கு நெஞ்சு படபடக்கும்,
பாயில் என் உருவம் வேர்வையாய்க் கிடக்கும்.
மூன்று மாதம் வராதது
துணுக்காய் பஸ்ஸுக்குள் வந்தது.

'பீஸ் நகருது போல' என்றேன் இராசநிதியிடம்.
பதினாறு வருடமாய் எனக்கு நோவென்றால் அதுதான்,
மழைக்கு முதல்நாள் இழுத்தாலும்
தலை இடித்தாலும்.
நெஞ்சுக்கு இறங்கினால்?
சீட்டுக் கொப்பியில் கணக்கு முடித்து
மேசையில் வைத்துவிட்டுத்தான்
மல்லாவி ஆசுபத்திரிக்குப் போனேன்.

டொக்டர் பிள்ளை படத்தை வெளிச்சத்தில் பிடித்தாள்.
நெல்லளவு வெள்ளையாய்
பட்ட அன்றிருந்த இடத்திலேயே கிடந்தது அது.
'இது அசையேல்லை அம்மா.
உங்களுக்கு நாற்பத்தெட்டு. மாதம் நிக்கிற வயசு.
தோளும் இறுகும், வேர்க்கும்.
எல்லாப் பொம்பிளையளுக்கும் வாறதுதான்.'

எல்லாருக்கும்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது,
வாங்கில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.
செல் விழாத ஊர்களிலும்
இந்த வயதில் ஒருத்தி
சட்டைக் கொழுக்கியோடு மல்லுக்கட்டுவாளாம்.

இப்போது காலையில்
சுவரில் விரல்களை நடத்துகிறேன்,
அந்தப் பிள்ளை காட்டினபடி,
எறும்பு ஏறுவதுபோல.
நோகுது.
கலண்டர் ஆணிக்கு இன்னும் ஒரு சாண்.