ஒரு சாய்ந்த கீறல்

இரவு இரண்டே காலுக்கு இன்னாசியின் செய்தி.
ஒரே சொல்: யேகோ.

யே கனத்தால், வந்து சேர்கிறேன்.
கோ கனத்தால், வந்து சேர்ந்தான்.
இரண்டாவதற்குக் கடைசி எழுத்தின் தலையில்
சாய்வாக ஒரு கீறல் வேண்டும்.
இன்னாசி கீறல் போடுகிற ஆள் இல்லை.
கேட்டால்,
வலை இழுக்கிற விரலுக்கு இவ்வளவுதான் வரும் என்பார்.

பாம்பன் ஐஸ் கம்பெனியில் ராத்திரிக் கணக்கு எனக்கு.
பார் எண்ணிக்கைச் சீட்டின் முதுகில்
அந்த ஊர் வினைகளை உடைத்து உடைத்துப் படிக்கிறேன்,
கிரஷருக்குப் போகுமுன் கட்டியைப் பிளப்பதுபோல.
எஸ். பே. ரோ.
நடுவில் அடித்தால் காத்திருக்கிறேன்.
கடைசியில் அடித்தால் காத்திருந்தாள்,
காத்திருந்தான் என்றும் வைத்துக்கொள்ளலாம்.
அந்த விகுதிக்கு ஆண் பெண் கிடையாது.
நாங்கள் கடலுக்கே பால் பிரித்தவர்கள்:
தெற்கே ஆண்கடல், வடக்கே பெண்கடல்.

பத்தாம் வகுப்பில் படித்த அசையைப் போட்டுப் பார்த்தேன்.
நேர் நேர் நேர். தேமாங்காய்.
எங்கே அடித்தாலும் அதே தேமாங்காய்.
நமக்கு ஏன், ஆன், ஆள் என்று
சொல்லின் வாலில் ஆள் உட்கார்ந்திருக்கிறது.
அவர்களுக்கு அது மூச்சில் இருக்கிறது,
மூச்சைத் தட்டச்சு செய்ய முடியவில்லை.

வந்து சேர்கிறேன் என்றால் சந்தோஷப்பட ஒன்றுமில்லை.
இருபது நாளுக்கு ஒருமுறை மீன் இறக்க
வீகோ துறைமுகத்துக்கு வருகிற வரவுதான்.
வந்து சேர்ந்தான் என்றால்தான் விசேஷம்.
ஏழு மாதமாக வராத மாற்று ஆள்
பெட்டியோடு படகில் ஏறிவிட்டான்,
இன்னாசி இறங்கலாம்,
தங்கச்சிமடத்தில் கதவைத் தட்டலாம்.
நான் வருகிறேன் என்பதில் அவர் வரவில்லை.
யாரோ வந்தான் என்பதில்தான் வருகிறார்.

போன் போகவில்லை.
நாலு மணிக்கு ஒரு குரல்பதிவு, இரண்டு விநாடி.
காற்று, வின்ச்சின் இரைச்சல்,
'யே' என்று ஆரம்பித்து
அறுந்துபோயிற்று.
கனமா லேசா?
தனியாக நிற்கும் அசைக்கு எடை ஏது,
பக்கத்து அசை வந்தால்தானே தெரியும்.
ஒன்பது முறை போட்டுக் கேட்டேன்.

சாக்கை உதறிக்கொண்டு அந்தோணிக்குமார் உள்ளே வந்தான்:
"அக்கா, வந்துருச்சா, வருதா?"

லாரியைக் கேட்கிறான்.
தெரிந்தும்
பதில் சொல்ல நேரமாயிற்று எனக்கு.